ஒரு கல்லையும் விடாமல்

ரபாபுக்கு அந்த வேலை கிடைத்ததே இங்கிலீஷ்காரர்களின் மரபுத்தொடர்களால்தான். கெய்ரோவை ஒட்டிய கிஸாவில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினொரு வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் அவள். இலக்கணத்தில் தூங்கி வழியும் பிள்ளைகள் மரபுத்தொடர் என்றதும் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பதால், பார்க்கும் புத்தகத்திலிருந்தெல்லாம் அவற்றைப் பொறுக்கி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பள்ளியை விட்டுவிட்டு நஸ்ர் சிட்டியில் இருந்த கால் சென்டருக்கு நேர்முகத் தேர்வுக்குப் போன அன்று, தாமர் என்ற இளைஞன் எதிரில் உட்கார்ந்து, ஆசிரியை என்பதால் 'உஸ்தாஸா' என்று மரியாதையோடு அழைத்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"போன்ல ஒரு இங்கிலீஷ்காரர் கத்துறாரு. லைன் போய் ஒரு வாரம் ஆச்சுங்கிறாரு. நீங்க என்ன சொல்லுவீங்க, உஸ்தாஸா?"

ரபாப் மூச்சு விடாமல் சொன்னாள். ஒரு கல்லையும் புரட்டாமல் விட மாட்டோம். இதன் அடிவரைக்கும் போய்ப் பார்த்துவிடுவோம். சுருக்கங்களை இஸ்திரி போட்டு எடுத்துவிடுவோம். மாட்டைக் கொம்பிலேயே பிடிப்போம். பந்தை இன்றைக்கே உருட்டிவிடுவோம். ஒவ்வொன்றையும் சரியான இடத்தில், சரியான ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள். தாமர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை வந்துடுங்க" என்றான்.

அது இங்கிலாந்தில் இருந்த ஒரு தொலைபேசிக் கம்பெனியின் புகார்ப் பிரிவு. புகார் அங்கே, காது இங்கே. மூன்றாவது மாடியில் நூற்றிருபது பேர் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போனில் ரபாபின் பெயர் ரூபி. அடுத்த நாற்காலி மார்சேலின் பெயர் மேரி. ஒவ்வொரு மேஜையிலும் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் பிரச்சினையைத் தீர்ப்பது பற்றி நாற்பது தொடர்கள். ஒவ்வொரு அழைப்பிலும் குறைந்தது மூன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து அழைப்புகளை ஒட்டுக்கேட்கும் ஒருவர் அதற்கு மதிப்பெண் போடுவார்.

"இந்த இங்கிலீஷ்காரங்களப் பாருடீ" என்பாள் மார்சேல், அவரைப் பருப்பு அடைத்த ஃபூல் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே. "பிரச்சினையோட கொம்பப் பிடிக்கிறான். அதுக்கு இஸ்திரி போடுறான். பூக்கிறதுக்கு முன்னாடி மொட்டுலயே கிள்ளுறான். சும்மா ஒரு ஸ்க்ரூ டிரைவர எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணுனான்னு ஒரு வரி கூட இந்தத் தாள்ல இல்ல."

ரபாப் சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு அந்தத் தாளின்மேல் ஒரு பிரியம் இருந்தது. கோபத்தோடு ஆரம்பிக்கும் குரல்கள் அந்தச் சொற்களைக் கேட்டு மெல்ல இறங்கி வருவதை அவள் பார்த்திருந்தாள். தங்கள் ஊர்ச் சொல்லைத் தங்களுக்கே யாரோ பதமாகத் திருப்பித் தரும்போது மனிதர்களுக்கு ஏதோ ஓர் ஆறுதல் வந்துவிடுகிறது. அதுவும் ஒரு வைத்தியம்தானே என்று அவள் நினைத்துக்கொள்வாள். முதல் நான்கு மாதமும் அப்படித்தான் போயிற்று.

நார்மன் வெல்டன் கூப்பிட்டது ஐந்தாவது மாதத்தில், ஒரு திங்கட்கிழமை மதியம்.

கிழவரின் குரல். பின்னால் காற்று இரைந்தது. தன் வீட்டு லைன் போய் ஐந்து நாளாயிற்று என்றார். பழைய கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனார்களாம். அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்தே சத்தமில்லை.

"உங்க சிரமம் புரியுது, சார். கவலையே படாதீங்க" என்றாள் ரபாப். "நாங்க ஒரு கல்லையும் புரட்டாம விட மாட்டோம்."

"எந்தக் கல்லும்மா?" என்றார் அவர்.

ரபாப் தாளைப் பார்த்தாள். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"கிண்டல் பண்றேன்னு நினைக்காத, கண்ணு" என்றார் கிழவர். "நான் முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணுனவன். உள்ள மாட்டிக்கிட்டு அலறுறவங்ககிட்ட இந்த மாதிரி எல்லாம் பேச மாட்டோம். எத்தனை பேர் இருக்கீங்க, யாருக்காவது மூச்சு முட்டுதா, நான் இன்னும் இருபது நிமிஷத்துல வந்துடுவேன். அவ்வளவுதான். அதனால கேட்டேன். எப்ப வருவாங்க?"

திரையில் அவள் பார்த்த பதில், மூன்றிலிருந்து பத்து வேலை நாள். அதை அவள் சொன்னாள். 

பிறகு அவர் விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி எனிட்டுக்கு எழுபத்தொன்பது வயது. கால் இரண்டும் தளர்ந்துபோய்விட்டன. திடீர் திடீரென்று விழுந்துவிடுகிறாள். அதற்காகக் கழுத்தில் ஒரு பொத்தான் மாட்டியிருக்கிறார்கள். விழுந்தால் அதை அழுத்தினால் போதும், உதவி மையத்தில் ஆள் பேசுவார்கள், ஆம்புலன்ஸ் வரும். ஆனால் அந்தப் பொத்தான் வேலை செய்வது இந்த லைனில்தான். இப்போது அது கழுத்தில் சும்மா தொங்குகிறது.

"செல்போன் இருக்குல்ல, சார்? இப்ப அதுலதானே பேசுறீங்க?"

"இருக்கு. மகன் வாங்கிக் கொடுத்தான். அவன் இருக்கிறது ஆஸ்திரேலியா. வீட்டுக்குள்ள இது எடுக்காது. மேட்டுல, பஸ் நிக்கிற இடத்துக்கு வந்தாத்தான் பேச முடியும். எங்க வீட்டுலேருந்து ஆறு நிமிஷ நடை. என் காலுக்கு எட்டு."

"அப்ப இப்ப அவங்க கூட யாரு?"

"யாரும் இல்ல. அதான் சொல்ல வந்தேன். உன்கூடப் பேசிட்டிருக்கிற நேரமெல்லாம் அவ தனியாத்தான் இருக்கா."

பக்கத்து வீடுகள் இரண்டும் லண்டன்காரர்கள் விடுமுறைக்கு வந்து தங்குபவை. குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும்.

ரபாப் விரல்களை ஓட்டினாள். புகார் எண் போட்டாள். 'அவசரம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். குறிப்புப் பகுதியில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினாள். அழைப்பு முடிந்ததும் அது லைனைச் சரி செய்யும் கம்பிக்காரர்களின் வரிசைக்குப் போய்விடும். அந்த வரிசை எங்கே இருக்கிறது, அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அந்த மூன்றாம் மாடியில் யாருக்கும் தெரியாது. திரையில் ஒரு பொத்தான், அதை அழுத்தினால் புகார் மறைந்துவிடும். அவ்வளவுதான் அவர்களுக்கும் அதற்கும் சம்பந்தம்.

ஒன்பது நாள் கழித்து, புதன்கிழமை, அவர் மறுபடி கூப்பிட்டார். ஏற்கெனவே பதிந்த புகார் என்றால் பதிந்தவருக்கே அழைப்பைத் தள்ளிவிடும்படி கம்ப்யூட்டரில் ஏற்பாடு உண்டு.

"ரூபியாம்மா?"

"ஆமா, மிஸ்டர் வெல்டன். வந்து பார்த்தாங்களா?"

"ஒரு ஈ காக்கா வரல."

ரபாப் புகாரைத் திறந்தாள். அது மூடப்பட்டிருந்தது. காரணம் கீழே ஒரே வரியில் இருந்தது. வருவதற்கு முன் உறுதி செய்யக் கூப்பிட்டோம், வாடிக்கையாளர் போனை எடுக்கவில்லை.

எந்த எண்ணுக்குக் கூப்பிட்டார்கள் என்று பார்த்தாள். செத்துப்போன அந்த லைனுக்கேதான் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று தடவை.

அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்னாள். கிழவர் சிரித்தார். நல்ல சிரிப்பு, இருமலில் போய் முடிந்தது. "அடப்பாவிகளா. எனிட்கிட்ட சொல்றேன், அவளுக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்" என்றார்.

புகாரை மறுபடி திறந்தாள் ரபாப். தொடர்புக்கான எண்ணை மாற்றப் பார்த்தாள். அந்தக் கட்டம் சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடந்தது. கணக்கில் இருக்கும் எண்தான் தொடர்பு எண். கணக்கில் இருக்கும் எண்ணோ செத்த எண். குறிப்பில் எழுதினாள்: லைன் இல்லை, கூப்பிடாதீர்கள், நேரே போங்கள். முன்னால் அவள் எழுதிய குறிப்பை யாரும் படித்ததற்கான அடையாளமே இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டேதான் இதையும் எழுதினாள்.

"கூடிய சீக்கிரம் உங்கள மறுபடி தண்டவாளத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"பரவால்ல, சொல்லு. சொன்னாத்தான் உனக்கு மார்க்கு போடுவாங்கன்னு நினைக்கிறேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரம் நீ இல்லாதப்ப ஒரு பையன் எடுத்தான். ஏதோ தாளைப் பார்த்துப் படிக்கிற மாதிரி ஒரே மூச்சுல ஏழு சொன்னான், பாவம். சரி, நான் போறேன். அவ முழிச்சிருப்பா."

அன்றைக்குச் சாயங்காலம் தாமர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான். அவன் கெட்டவன் இல்லை. இருபத்தொன்பது வயதில் நாற்பது பேருக்கு மேலாளராகி, அதற்குள் வயிற்றுப்புண் வந்தவன்.

"அழைப்பு பதினேழு நிமிஷம், உஸ்தாஸா. நமக்கு உள்ளது ஆறு. தொடர் ஒண்ணு கூட முழுசா இல்ல. பாதில நிறுத்திட்டீங்கன்னு எழுதியிருக்காங்க."

"தாமர், அந்தப் பொம்பளை விழுந்தா யாருக்கும் தெரியாது. கம்பிக்காரங்க நம்பர் ஒண்ணு குடுங்க. நான் நேரா பேசிடுறேன்."

"நம்பர் இல்ல."

"யார்கிட்டயும் இல்லையா?"

"என்கிட்ட இல்ல. என் மேலாளர்கிட்ட இல்ல. நமக்கு அந்தப் பக்கம் கதவே வைக்கல. நாம எழுதிப் போடுறோம், அது போகுது. போற இடம் வேற கம்பெனி, வேற ஒப்பந்தம். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க. உடம்பு முடியாதவங்கன்னு பதியறதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு. அதைத் தபால்ல அனுப்பச் சொல்லிடுறேன். அவரு பூர்த்தி பண்ணித் திருப்பி அனுப்புனா முன்னுரிமை கிடைக்கும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு வாரம்" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜைமேல் இருந்த தேநீர்க் கோப்பையை நகர்த்தினான்.

மறுநாள் இடைவேளையில் ரபாப் கீழே படிக்கட்டுக்குப் போனாள். வேலைத் தளத்தில் சொந்த போன் கூடாது. படியில் உட்கார்ந்து வெல்டன் வீட்டு முகவரியில் இருந்த ஊரைத் தேடினாள். தபால் நிலையமும் மளிகையும் ஒன்றாக இருக்கும் ஒரு கடையின் எண் கிடைத்தது. வாடிக்கையாளரின் விவரத்தை வெளியில் சொல்வது வேலையை விட்டு அனுப்பும் குற்றம். மார்சேல் மேல்படியில் நின்று யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டாள்.

ஒரு பெண் எடுத்தாள். ரபாப் தன்னை வெல்டன் குடும்பத்துக்குத் தெரிந்தவள் என்று சொல்லிக்கொண்டாள். பொய்யில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"எனிட்டா? அய்யோ, அவங்கள நான் பார்த்தே மாசமாச்சே" என்றாள் கடைக்காரி. "லைன் போயிடுச்சா? யாருமே சொல்லலையே. அவங்க வீடு இங்கேருந்து நாலு மைல், மேட்டுல. கார் எங்க வீட்டுக்காரர்கிட்ட. அவரு வந்ததும் போய்ப் பார்க்கச் சொல்றேன். நீ எங்கேருந்து பேசுற, கண்ணு? குரல் ரொம்பத் தூரத்துல கேக்குது."

"தூரத்துலதான் இருக்கேன்" என்றாள் ரபாப். "தயவு செஞ்சு தினம் ஒரு தடவை யாராவது எட்டிப் பார்த்தா..."

"கவலைப்படாத. இதுல ஒரு நூல் கூடத் தொங்க விடாம முடிச்சுக் குடுத்துடறோம்."

அந்தத் தொடர் தாளில் இருபத்தெட்டாவது.  அந்தப் பெண் மனதாரத்தான் சொன்னாள், அது குரலிலேயே தெரிந்தது. தானும் மனதாரத்தானே இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபடி படியேறினாள்.

"என்ன சொன்னா?" என்றாள் மார்சேல்.

"நாம சொல்றதையேதான் சொன்னா."

கடைக்காரியின் கணவர் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு, ஒரு ரொட்டியையும் கொஞ்சம் முட்டையையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அது ரபாபுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதற்கப்புறம் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம்.

அடுத்த திங்கட்கிழமை நார்மன் மூன்றாவது முறையாக ரபாபிடம் பேசினார். குரலில் பழைய கேலி இல்லை. காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும் சத்தம்.

"ரூபி, என்னால தினம் இந்த மேட்டுக்கு ஏறி வர முடியலம்மா. நேத்து வழுக்கிட்டேன். ஒண்ணும் ஆகல. ஆனா நான் விழுந்தா அப்புறம் அவளுக்கு யாருமில்ல. இன்னிக்கு ஏதாவது ஒரு தேதி சொல்லிடு. சும்மா ஒரு தேதி."

ரபாப் புகாரைத் திறந்தாள். மறுபடி மூடியிருந்தது. காரணம் அதேதான், எடுக்கவில்லை.

"மிஸ்டர் வெல்டன், லைன்ல இருங்க. எங்கேயும் போயிடாதீங்க. நான் இன்னிக்கு இதை விடப்போறதில்ல."

அது தாளில் உள்ள வாக்கியமல்ல. அவளுடைய சொந்த வாக்கியம்.

அழைப்பைக் காத்திருப்பில் போட்டுவிட்டு எழுந்து நேராகக் கண்ணாடி அறைக்குப் போனாள். தாமர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

"நம்பர் வேணும்."

"உஸ்தாஸா, நான்தான் சொன்னேனே..."

"உங்க அம்மா விழுந்து கிடந்தா இப்படித்தான் சொல்லிட்டு உக்காந்திருப்பீங்களா?"

அவன் முகம் கறுத்தது. தன் சொந்த போனை எடுத்தான். போன வருஷம் பயிற்சிக்காக இங்கிலாந்து போயிருந்தபோது பழக்கமான ஒருவன், அங்கே தலைமை அலுவலகத்தில் இருந்தான். அவனுக்கு அடித்தான். அவன் எடுக்கவில்லை. இன்னொரு முறை. எடுத்தான். அவன் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னான். அந்தப் பெண் கூட்டத்தில் இருந்தாள். காத்திருந்தார்கள். ரபாப் கண்ணாடி வழியே தன் மேஜையைப் பார்த்தாள். காத்திருப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அவருக்கு அங்கே இந்நேரம் கம்பெனிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். நடுநடுவே, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.'

ஒரு தடவை ஓடிப்போய், "இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். "இருக்கேன்மா. நனைஞ்சுட்டேன், ஆனா இருக்கேன்" என்றார் அவர்.

கடைசியில் அந்தப் பெண் பேசினாள். தாமர் எழுந்து நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அவளிடம் கெஞ்சினான். ரபாப் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. அந்தப் பெண் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு, நாளை காலை எட்டு மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் ஆள் வருவார், போன் செய்ய மாட்டார், நேரே வருவார் என்றாள்.

தாமர் போனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "போங்க, சொல்லுங்க" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

ரபாப் மேஜைக்கு ஓடினாள். காத்திருப்பு பதினாறு நிமிஷம் ஆகியிருந்தது.

"மிஸ்டர் வெல்டன், நாளைக்குக் காலைல. எட்டுலேருந்து ஒரு மணிக்குள்ள. நிச்சயம். போன் பண்ண மாட்டாங்க, கதவத் தட்டுவாங்க."

 "நல்ல பொண்ணு நீ" என்றார் அவர். "இந்தத் தடவை தாள்ல இருந்து எதுவும் சொல்லல, கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

"சரி, நான் ஓடுறேன். அவளுக்கு இதை முதல்ல சொல்லணும்."

அன்றைக்கு மார்சேல் எல்லோருக்கும் பஸ்பூசா என்ற ரவை கேக் வாங்கி வந்தாள். தாமர் கூட ஒரு துண்டு எடுத்தான், வயிற்றுக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டே. ரபாப் மைக்ரோபஸ்ஸில் ஃபைஸல் தெருவரை நின்றுகொண்டே போனாள், கால் வலியே தெரியவில்லை. வீட்டில் மகள் மலக்கிடம் கூட விஷயத்தைச் சொன்னாள். "ஒரு லைன் சரி பண்றதுக்கா இவ்வளவு சந்தோஷம், அம்மா?" என்றாள் மகள். "இன்னும் சரியாகல. நாளைக்குச் சரியாகும்" என்றாள் ரபாப்.

செவ்வாய்க்கிழமை முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டே முக்கால் மணிக்கு, அங்கே பன்னிரண்டே முக்கால், புகாரில் ஒரு வரி விழுந்தது. ஆள் போனார். வீடு பூட்டியிருக்கிறது. யாரும் இல்லை.

அவர் எங்கே போயிருப்பார்? ஒரு மணி வரை இருக்கச் சொன்னோமே. மார்சேலிடம் கேட்டாள். "கடைக்குப் போயிருப்பாரு" என்றாள் மார்சேல். ஆனால் அவள் குரலிலும் தெம்பில்லை. அந்தத் தம்பதி வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கும் போகக்கூடியவர்கள் அல்ல என்பது இருவருக்கும் தெரியும். ரபாப் இடைவேளையில் கடைக்காரிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவருடைய செல்போனுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குமேல் செய்ய அவளிடம் ஒன்றும் இல்லை. கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு முழு மதிப்பெண். ஒவ்வொரு அழைப்பிலும் மூன்று தொடர்.

பதினேழு நாள் ஒரு செய்தியும் இல்லை. புகார் மட்டும் ஒரு நாள் பச்சையாக மாறியது. தீர்ந்தது என்று அர்த்தம். ஆள் இரண்டாவது தடவை போய்ச் சரி செய்துவிட்டு வந்திருக்கிறார். தாமர் அவள் மேஜைப் பக்கம் வந்து, "பச்சை ஆயிடுச்சு பார்த்தீங்களா?" என்றான். அவள் தலையை ஆட்டினாள்.

பதினெட்டாம் நாள், சனிக்கிழமை, திரையில் எண் விழுந்தது. செல்போன் எண் அல்ல. வீட்டு எண்.

"ரூபி? நார்மன். நார்மன் வெல்டன். இது வீட்டு லைன், பார்த்தியா? நல்லாவே கேக்குது, இல்ல?"

காற்றில்லை, மழையில்லை. ஒரு கடிகாரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லாக் கேக்குது, மிஸ்டர் வெல்டன். எப்படி இருக்கீங்க? மேடம் எப்படி இருக்காங்க?"

"நீ கேப்பேன்னு தெரியும். அதான் நீதான் வேணும்னு முதல்ல எடுத்த பையன்கிட்ட சொன்னேன்." அவர் நிறுத்தினார். "அன்னிக்கு உன்கூடப் பேசிட்டு வீட்டுக்குப் போனேன்ல. அவ சமையல்கட்டுல கிடந்தா. இடுப்பு போயிடுச்சு. பொத்தான அழுத்திக்கிட்டே இருந்திருக்கா, பாவம், பழக்கத்துல. விழுந்து அரை மணி நேரம் ஆச்சுன்னு அவளே சொன்னா. மறுபடி மேட்டுக்கு ஏறித்தான் ஆம்புலன்ஸக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரில நல்லாத்தான் இருந்தா. அப்புறம் நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. போன ஞாயித்துக்கிழமை போயிட்டா."

ரபாப் கணக்குப் போட விரும்பவில்லை. மனசு தானாகவே போட்டது. பேச்சு இருபத்தாறு நிமிஷம், அதில் காத்திருப்பு பதினாறு. நடை எட்டு நிமிஷம். நான் லைன்ல இருங்க என்றேன். எங்கேயும் போயிடாதீங்க என்றேன்.

"நான்... நான் உங்கள நிக்க வெச்சிட்டேன்" என்றாள். 

"நீ நிக்க வைக்கல. நான் நின்னேன். அதைத் திருப்பித் திருப்பி நானும் நினைச்சுப் பார்த்துட்டேன், கண்ணு. அதுல ஒண்ணும் கிடைக்கல. அதுக்காகக் கூப்பிடல நான்." அவர் தொண்டையைச் சரி செய்துகொண்டார். "வேற ஒண்ணு கேக்கணும். உங்களால முடியுமான்னு தெரியல."

"கேளுங்க."

"எங்க வீட்டு போன்ல, நாங்க எடுக்கலன்னா ஒரு செய்தி ஓடும். எனிட் பேசினது. ரொம்ப வருஷம் முன்னாடி. 'இது வெல்டன் வீடு, நாங்க தோட்டத்துல இருப்போம், சத்தமாப் பேசுங்க'ன்னு சொல்லிட்டு, கடைசியில எனக்குத் திட்டு ஒண்ணு விழும், நான் பின்னாடி கெட்டிலைத் தட்டிட்டேன்னு. அதை அழிச்சிட்டு மறுபடி பண்ணவே இல்ல நாங்க. நேத்து மேட்டுக்குப் போய் செல்போன்லேருந்து வீட்டுக்கு அடிச்சுப் பார்த்தேன். வேற யாரோ ஒரு பொம்பளை பேசுறா. மெஷின் குரல். அதை மாத்தி, பழையதைத் திருப்பிப் போட முடியுமா?"

ரபாப் தேடினாள். பழைய லைனின் விவரங்களைத் திறந்தாள். செய்திகள் என்ற பகுதி காலியாக இருந்தது. புதுப் பெட்டிக்கு மாற்றும்போது பழைய குரல் பதிவுகள் கொண்டுவரப்படவில்லை என்று விதிமுறைப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. வேறு வழி இருக்கிறதா என்று இன்னும் இரண்டு பக்கம் திறந்தாள். தாமர் எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் படித்தான். மெல்லத் தலையை அசைத்தான். அவனுடைய அந்த இங்கிலாந்து நண்பனுக்கும் இதற்கு வழியில்லை.

"மிஸ்டர் வெல்டன்" என்றாள். "இல்ல. அது போயிடுச்சு. லைன் மாத்தின அன்னிக்கே அழிஞ்சிடுச்சு. யாராலயும் எடுக்க முடியாது."

அவர் மூச்சை விடுவது கேட்டது.

"சரி" என்றார். "நேராச் சொல்லிட்ட. நல்லது."

"என் பேரு ரூபி இல்ல" என்றாள் அவள், ஏன் சொல்கிறோம் என்று தெரியாமல். "ரபாப்."

"ரபாப்" என்று அவர் சொல்லிப் பார்த்தார். முதல் தடவை தப்பாக, இரண்டாம் தடவை ஏறக்குறையச் சரியாக. "எந்த ஊரு?"

"கெய்ரோ."

"அங்க இப்ப வெயிலா?"

"இன்னிக்குத் தூசி. வானமே மஞ்சளா இருக்கு."

"இங்க வெளுத்திருக்கு. ரொம்ப நாளுக்கு அப்புறம்."

அவர் போனை வைக்கவில்லை. வாடிக்கையாளர் வைக்கும்வரை இவர்கள் வைக்கக் கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் அவள் வைத்திருக்க மாட்டாள். மகன் வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனதைச் சொன்னார். உடன் வரச் சொன்னானாம், மாட்டேன் என்றுவிட்டாராம். எனிட்டின் செருப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, கதவுப் பக்கத்திலேயே கிடக்கிறது என்றார். கடைக்காரியின் கணவருக்கு முதுகு தேவலையாம். அவள் "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். ஆறு நிமிஷம் தாண்டியதும் திரையின் மூலையில் கடிகாரம் சிவப்பானது. பத்து நிமிஷத்தில் அது விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது. தாமர் பின்னால் வந்து நின்றான். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மார்சேல் ஒரு கிளாஸ் தேநீரைக் கொண்டுவந்து அவள் கைப்பக்கம் வைத்தாள். அது ஆறிப்போயிற்று.

"சரிம்மா" என்றார் நார்மன் கடைசியில். "உருளைக்கிழங்கு வேகப் போடணும். ஒருத்தனுக்கு எத்தனை போடுறதுன்னுதான் இன்னும் பிடிபடல."

"ரெண்டு போடுங்க" என்றாள் ரபாப்.

"ரெண்டு" என்றார் அவர். "சரி." வைத்துவிட்டார்.